திபிலீசிக்குக் கொண்டுபோன செய்தி

பயண நிரல் ஒரே ஒரு தாளில் இருந்தது. முதல் நாள் பழைய கோட்டையும் அதன் அடிவாரத்துத் தெருக்களும். இரண்டாம் நாள் தேவாலயங்கள், கந்தகநீர்க் குளிப்பகங்கள். மூன்றாம் நாள் பேருந்தில் பழைய தலைநகர். நான்காம் நாள் அருங்காட்சியகம், சந்தை, ஓய்வு. ஐந்தாம் நாள் காலை விமானம். குழுவில் இருந்த பதினான்கு ஜெர்மானியர்களும் படமெடுக்க வேண்டிய இடங்களை அந்தத் தாளில் குறித்து வைத்திருந்தார்கள். நான் மூன்று இடங்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாகப் புள்ளடி போட்டிருந்தேன். அந்த மூன்றில் ஏதாவதோர் இடத்தில் வைத்து, அப்பா இறந்து ஒன்றரை வருடமாகிறது என்பதை என் அக்காவிடம் சொல்லியாக வேண்டும்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். எண்பதுகளின் பிற்பாதியில் சோவியத் நாட்டுப் புலமைப்பரிசில் கிடைத்து மருத்துவம் படிக்கப் போனாள். எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்பது மொஸ்கோவில் இறங்கிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. ஜோர்ஜியா என்று எழுதியிருந்தாள். எங்கள் ஒழுங்கை வீடுகளில் பாதிப் பேர் அது அமெரிக்காவில் இருக்கிற மாநிலம் என்று நினைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்தார்கள். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்த அப்பா என்னுடைய பள்ளிக்கூட அட்லஸை எடுத்து, கருங்கடலுக்குக் கிழக்கே விரலை வைத்து, “இஞ்ச” என்றார். அதற்குமேல் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எனக்கு ஆறு வயதாக இருக்கும்போதே அம்மா காலமாகிவிட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில் பேச்சு என்பது அக்காவும் நானும் பேசிக்கொள்வதுதான். அப்பா கேட்டுக்கொண்டிருப்பார்.

இரண்டு வருடம் கழித்து நான் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தேன். முகாம், பிறகு இன்னொரு முகாம், கடைசியில் ஆஹென் நகரத்தில் ஒரு பேக்கரியில் மாப் பிசையும் வேலை. நான் இங்கே நிலைகொள்ளத் தொடங்கிய நேரத்தில் அக்கா இருந்த நாடு உடைந்தது. அவள் படித்த ஜோர்ஜியத் தலைநகர் திபிலீசியின் பெரிய வீதியில் கட்டடங்கள் எரிவதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். நாங்கள் விட்டுவிட்டு ஓடிவந்த அதே சனியன், படிக்கப் போன பிள்ளையின் வாசலுக்கும் போய்விட்டதே என்று இருந்தது. ஆனால் அவள் அங்கிருந்து கிளம்பவில்லை. படிப்பை முடித்தாள். குழந்தை மருத்துவத்தில் மேலே படிக்கத் தொடங்கினாள். அகதி மனு ஏற்கப்படும்வரை நான் ஜெர்மனியின் எல்லையைத் தாண்ட முடியாது. அவளிடம் இங்கே வருவதற்கான காகிதம் இல்லை. ஆகவே கடிதம்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து திபிலீசிக்கு நேரே கடிதம் போகாது. எல்லாம் என் வழியாகத்தான் போகும். அப்பா ஒரு தாளில் பாதியை எனக்கும் மீதியை அக்காவுக்கும் எழுதி, கொழும்புக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். தொடக்கத்தில் அவளுடைய பாதியைக் கத்தரித்து அப்படியே அனுப்பினேன். இரண்டு தடவை தபாலில் தொலைந்துபோயிற்று. அதற்குப் பிறகு அப்பா எழுதியதை மெல்லிய தாளில் என் கையால் பார்த்தெழுதி அனுப்பிவிட்டு, மூலத்தை என்னிடம் வைத்துக்கொண்டேன். அக்காவுக்கும் அந்த ஏற்பாடு தெரியும். அப்பாவின் கடிதங்கள் தந்தி மாதிரி இருக்கும். கிணற்றில் தண்ணீர் இத்தனை முழம். முருங்கை காற்றுக்கு விழுந்துவிட்டது. இன்னார் காலமானார். படிப்பில் கவனம். இப்படிக்கு அப்பா.

யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து வன்னிக்குப் போன அந்த மழைக்காலத்தில் அப்பாவும் போனார். எங்கள் பக்கத்து வீட்டு மாஸ்டர் வவுனியாவுக்கு வந்து அனுப்பிய கடிதம் ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம் கழித்து ஆஹெனுக்கு வந்தது. ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கியிருந்தார்களாம். மூன்று நாள் காய்ச்சலாம். பிள்ளைகள் ஒருவரும் பக்கத்தில் இல்லாததால் தானே கொள்ளி வைத்ததாகவும், அதற்கு நான் மன்னிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். அந்தக் கடிதத்தை மாப்படிந்த கையோடு வாசித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மிச்ச வேலையைச் செய்தேன்.

அதே கிழமை அக்காவின் கடிதமும் வந்தது. ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம்தான் மின்சாரம். மண்ணெண்ணெய் விளக்கில் படிக்கிறோம். வார்டில் குளிர் தாங்காமல் குழந்தைகளைத் தாய்மாரின் மேலங்கிக்குள் வைத்தே பரிசோதிக்கிறோம். இளவேனிலில் பெரிய சோதனை எழுத வேண்டும். அப்பாவிடமிருந்து நாலு வரி வந்தால் அதை வைத்துக்கொண்டு ஒரு மாதத்தை ஓட்டிவிடுவேன்.

சோதனை முடியட்டும், சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்கிடையில் நாலு வரி போக வேண்டுமே. மெல்லிய தாளை எடுத்து, அப்பா எழுதுவது போல எழுதினேன். கையெழுத்து ஏற்கெனவே என்னுடையது என்பதால் பொய் சொல்வது மிகச் சுலபமாக இருந்தது. சோதனை முடிந்தது. அக்கா தேறினாள். “அப்பாவுக்கு உடனே அறிவி” என்று எழுதினாள். அப்பா சந்தோஷப்பட்டதாக நான் பதில் எழுதினேன். பிறகு குளிர்காலம் வந்தது, போகட்டும் என்றேன். பிறகு அவளுக்குக் கடுமையான சளிக்காய்ச்சல். சொல்லாமல் விடுவதற்குக் காரணங்கள் வந்துகொண்டேயிருந்தன. அப்படி ஏழு கடிதங்கள்.

அந்த ஒன்றரை வருடம் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தமிழ்ச் சனத்திடம் ஒன்றைச் சொன்னால் அது பாரிசுக்கும் லண்டனுக்கும் போய், அக்காவோடு படித்த யாராவது ஒருவரின் காதுக்குப் போய்விடும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு செய்யவில்லை. படத்தை மாட்டவில்லை. கடையில் காணும் அண்ணைமார் “அப்பா எப்பிடி இருக்கிறார், தம்பி?” என்று கேட்டால், “இருக்கிறார், அண்ணை” என்பேன். 

மனு ஏற்கப்பட்டு, அகதிகளுக்கான நீலநிறப் பயணப் புத்தகம் கிடைத்த வருடம்தான் அந்த அறிவித்தலைக் கண்டேன். நான் ஜெர்மன் மொழி படித்துக்கொண்டிருந்த மாலைப் பள்ளியின் பலகையில், சேர்ந்திசை வகுப்புக்கும் தையல் வகுப்புக்கும் நடுவில், “டிஃப்லிஸ், ஐந்து நாட்கள்” என்று ஒட்டியிருந்தது. திபிலீசியை ஜெர்மானியர் அப்படித்தான் அழைப்பார்கள். பயணத்தை ஒழுங்கு செய்தவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், எப்போதும் தொப்பியோடு இருப்பவர். அங்கே என் அக்கா இருக்கிறாள் என்று சொன்னபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “அப்படியானால் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைத்துவிட்டார்” என்றார். விசாவைக் குழுவாகவே எடுத்தார்கள். வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், அதாவது முன்கூட்டியே நேரம், எடுத்துப் போய் நின்றபோது, உங்களைப் போன்ற ஒருவர் எதற்காக ஜோர்ஜியாவுக்குப் போகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். “சுற்றிப் பார்க்க” என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. 

விமான நிலையத்துக்கு வெளியே, தடுப்புக் கம்பிக்குப் பின்னால், ஒட்ட வெட்டிய தலைமுடியோடு ஒரு மெலிந்த பெண் நின்றாள். பத்து வருடம். இரட்டைப் பின்னலோடு போனவளை நான் தேடிக்கொண்டிருந்ததால் அவளைத் தாண்டிப் போய்விட்டேன். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“டேய், மீசை வைச்சால் எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?”

அவளுடைய தமிழ் சற்றுத் தயங்கித் தயங்கி வந்தது. பேச ஆளில்லாமல் கிடந்த மொழி. ஆனால் அதட்டல் அப்படியே இருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். குழுவில் ஒரு பெண்மணி எங்களைப் படமெடுத்தார்.

அக்கா பிற்பகல்களிலும் மூன்றாம் நாள் முழுவதும் விடுப்பு எடுத்திருந்தாள். முதல் நாளே குழு அவளுக்குப் பின்னால் போகத் தொடங்கிவிட்டது. கோட்டைக்கு ஏறும் பாதையில் மரத்தில் செதுக்கிய பால்கனிகள் வீதியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. பாதி வீடுகள் சரிந்திருந்தன. சரிந்த பால்கனியிலும் யாரோ ஒருத்தி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மேலே ஏறினால் நகரம் முழுக்கத் தெரிந்தது. செங்கல் கூம்புகளுடைய கோயில்கள், கலங்கிய குரா ஆறு, நடுவில் உயரமான ஓர் ஓட்டல். அந்த ஓட்டலின் எல்லாத் தளங்களிலும் பால்கனிகளைப் பலகையாலும் தகரத்தாலும் அடைத்திருந்தார்கள். ஓட்டல் ஏன் அப்படி இருக்கிறது என்று வரலாற்று ஆசிரியர் கேட்டார். கடற்கரைப் பக்கத்துச் சண்டையில் இடம்பெயர்ந்தவர்கள் அதில் குடியிருக்கிறார்கள் என்று அக்கா ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு எனக்கு மட்டும் தமிழில், “எங்கட சனம் பள்ளிக்கூடத்தில இருக்கிறது மாதிரித்தான்” என்றாள்.

முதல் புள்ளடி அந்தக் கோட்டை. பள்ளிக்கூடம் என்ற சொல்லை அவளே எடுத்துத் தந்தும் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. காற்று பலமாக அடித்தது, அதைச் சாட்டாக வைத்துக்கொண்டேன். அன்று இரவுச் சாப்பாட்டின்போதுதான் ஒன்று உறைத்தது. வந்ததிலிருந்து அக்கா அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

இரண்டாம் நாள் குளிப்பகம். நிலத்துக்குள் பாதி புதைந்த செங்கல் குமிழ்களுக்குக் கீழே, அழுகிய முட்டை வாசத்தோடு வெந்நீர் ஓடுகிறது. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு மறுபக்கம். பருத்த ஒரு மனிதர் என்னைக் கல்மேசையில் கிடத்தி முரட்டுக் கையுறையால் தேய்த்த தேய்ப்பில், பேக்கரியில் இத்தனை வருடமாகச் சேர்ந்த மா எல்லாம் போயிருக்கும். வெளியே வந்தபோது அக்கா பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட சூடான பாணைப் பிய்த்துத் தின்றுகொண்டு, என் சிவந்த கழுத்தைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். இரண்டாவது புள்ளடி, குளித்த பிறகு குழு நடக்கவிருந்த ஆற்றங்கரை. அந்தச் சிரிப்பை நான் எப்படி உடைப்பேன்? எனக்கும் ஒரு துண்டு பாணை வாங்கித் தின்றேன். நாளை எப்படியும் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன். நினைக்கும்போதே என்னை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

மூன்றாம் நாள் பேருந்து எங்களை மலையுச்சியிலிருந்த பழைய மடாலயத்துக்குக் கொண்டுபோனது. அங்கே நின்று கீழே பார்த்தால் பழைய தலைநகரமும், அதன் ஓரத்தில் இரண்டு ஆறுகள் சேருகிற இடமும் தெரியும். ஒன்று மண்நிறம், மற்றது நீலம். சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் இரண்டு நிறமாகவே ஓடுகின்றன. ஜெர்மானியர்கள் படமெடுத்துத் தள்ளினார்கள்.  இதுதான் கடைசிப் புள்ளடி.

ஊருக்குள் இறங்கியதும் மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணித்தியாலம் விட்டார்கள். “வா, ஆத்தடிக்குப் போவம்” என்று அக்கா முன்னால் நடந்தாள். கூழாங்கற்கள் நிறைந்த கரை. யாருமில்லை. நான் அவளுக்குப் பின்னால் நின்று, மனதுக்குள் சொற்களை அடுக்கிக்கொண்டு, “அக்கா” என்று தொடங்கினேன்.

அவள் திரும்பவில்லை. தோள்பையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கல்லில் வைத்துப் பிரித்தாள்.

“எள்ளு,” என்றாள். “சந்தையில வாங்கினனான். இஞ்ச கறுப்பெள்ளுக் கிடைக்கேல்லை. வெள்ளைதான். பறவாயில்லை எண்டு நினைக்கிறன்.”

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நின்ற இடத்திலேயே கூழாங்கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

“எப்ப தெரியும் உங்களுக்கு?”

“முதல் கடிதத்திலயே.”

“ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நீதான் எழுதியிருந்தாய், நேரத்துக்குச் சாப்பிடு பிள்ளை எண்டு.” இப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். “அப்பா எங்களை எப்பவாவது சாப்பிட்டியா எண்டு கேட்டவரே? கிணத்தைப் பற்றி எழுதுவார். முருங்கையைப் பற்றி எழுதுவார். அந்தக் கடிதத்தில கிணறும் இல்லை, முருங்கையும் இல்லை. அப்பவே எனக்கு விளங்கிட்டுது. வாசிச்சிட்டு அப்பிடியே வார்டுக்குப் போனன்.”

“பிறகு ஏன் அக்கா எனக்கு ஒண்டும் எழுதேல்லை?”

“எழுதினால் நீ நிப்பாட்டிப்போடுவாய்.” எள்ளுப் பொட்டலத்தின் ஓரங்களை மடித்துவிட்டாள். “நாட்டில ஒருத்தரும் இல்லை. இஞ்சயும் ஒருத்தரும் இல்லை. ஆரோ ஒருத்தர் சாப்பிட்டியா எண்டு கேக்கினம். அது ஆரெண்டும் எனக்குத் தெரியும். நான் ஏன் அதைக் கெடுப்பான்?”

சொல்லிவிட்டு, என் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள். சின்ன வயதில் போடுகிற அதே அடி. “ஆனா ஒண்டரை வருசம் என்னை அழ விடாமப் பண்ணிப்போட்டியேடா. நான் அழுதால் உனக்குத் தெரிஞ்சுபோகும் எண்டு கடிதத்திலகூட அழேல்லை. அது பிழை. உதவி எண்டு நினைச்சுத்தான் செய்தாய், ஆனா பிழை.”

“ஓம், அக்கா. பிழைதான்.”

 மாஸ்டரின் கடிதத்தைச் சட்டைப் பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒன்றரை வருடமாக மடித்து மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்துபோயிருந்தது. அவள் நின்றபடியே வாசித்தாள். மூன்று நாள் காய்ச்சல் என்ற இடத்தில் நிறுத்தி, என்ன மருந்து கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறதா என்று தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். எழுதியிருக்கவில்லை. அப்போதுதான் அழத் தொடங்கினாள். நானும் அழுதேன். மாஸ்டரின் கடிதம் வந்த நாளிலிருந்து அதுவரை நான் ஒருமுறைகூட அழுதிருக்கவில்லை.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினோம். மலைப்பனி உருகி வருகிற தண்ணீர், கால் எலும்பைக் கடித்தது. ஐயர் இல்லை, தர்ப்பை இல்லை, மந்திரம் இரண்டு பேருக்கும் தெரியாது. இதைப் பெண்பிள்ளை செய்யலாமா என்ற கேள்வி வந்தபோது அக்கா, “இஞ்ச ஆர் கேக்கப்போகினம்? இரண்டு பேரும் இறைப்பம்” என்றாள். உள்ளங்கையில் எள்ளை வைத்து, தண்ணீரை அள்ளி, மூன்று தடவை விட்டோம். அப்பாவின் பெயரை மட்டும் சொன்னோம். எள் கொஞ்ச நேரம் எங்கள் காலைச் சுற்றி மிதந்துவிட்டு, மண்நிறத் தண்ணீரோடு போயிற்று.

கரையேறும்போதுதான் வரலாற்று ஆசிரியரைக் கண்டோம். நேரமாகிவிட்டதென்று எங்களைத் தேடி வந்திருக்கிறார். நேரம் தவறுவதைக் கொஞ்சமும் பொறுக்காத மனிதர், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். நான் அருகில் போனதும் எழுந்து, “உங்கள் இருவருக்கும் இன்னும் நேரம் வேண்டுமா? பேருந்து நிற்கும்” என்றார். போதும் என்றேன்.  பேருந்தில் ஒரு பெண்மணி தன் கழுத்துத் துணியை எடுத்து அக்காவின் நனைந்த காலில் சுற்றிவிட்டார்.

நான்காம் நாள்தான் நான் உண்மையில் அந்த நகரத்தைப் பார்த்தேன். அருங்காட்சியகத்தின் பொன் நகைகளை, மேல்நாட்டுக் கடைகளைப் போல ஒரு காலத்தில் இருந்திருக்கக்கூடிய கடைகளை, பாலத்தடியில் சனங்கள் தங்கள் வீட்டுக் கோப்பைகளையும் பதக்கங்களையும் பரப்பி வைத்து விற்பதை. அக்கா எனக்குத் தன் வார்டைக் காட்டினாள். ஒரு சின்னப் பெண்குழந்தை அவளுடைய ஸ்டெதஸ்கோப்பைப் பறித்துத் தன் காதில் மாட்டிக்கொண்டு விட மறுத்தது. திரும்பி நடக்கும்போது அப்பாவைப் பற்றியே பேசினோம். அவர் சங்கக்கடையில் சீனி நிறுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது, சைக்கிளில் ஏறுவதற்கு முன் மூன்று தடவை மணியடித்துப் பார்ப்பது. இரண்டு பேரும் சிரித்தோம். ஐந்தாம் நாள் விமானத்தில் எனக்கு நன்றாகப் பசித்தது. பக்கத்திலிருந்தவர் தன் சாப்பாட்டில் மிச்சம் வைத்ததையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அக்கா அந்த நகரத்தைவிட்டு வரவேயில்லை. மின்சாரம் திரும்பி வந்தது, வார்டுக்குச் சூடு வந்தது, அவளும் பெரிய டொக்டராகி இப்போது ஓய்வுபெறும் வயதுக்கு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசித் திரையில் முகம் பார்த்துப் பேசுகிறோம். எனக்குச் சளி பிடித்தால் நான் சொல்லுமுன் அவளே கண்டுபிடித்துவிடுகிறாள். அந்தக் காலத்தில் ஒரு கடிதம் போய்ச்சேர ஐந்து கிழமை எடுத்ததால்தான் நான் அப்படிப் பொய் சொல்ல முடிந்தது என்று என் பிள்ளைகளுக்குச் சொன்னால், அவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

அந்தப் பயணம் முடிந்து ஆஹெனுக்குத் திரும்பி வேலைக்குப் போன முதல் நாள், வேலை முடிந்து மேசைகளைத் துடைத்த பிறகு, பேக்கரி முதலாளியான மைஸ்டரிடம் போனேன். உரத்துப் பேசுகிற மனிதர். என் அப்பா இறந்துவிட்டார் என்று சொன்னேன். அவருடைய முகம் மாறியது. எப்போது என்று கேட்டார். ஒன்றரை வருடத்துக்கு முன் என்றேன்.

“ஒன்றரை வருடமா?” அவர் என்னைப் பார்த்தபடியே கையைத் துடைத்தார். “இதை வைத்துக்கொண்டா இத்தனை நாளும் என் பக்கத்தில் நின்று மாப் பிசைந்தாய்?”

நான் தலையாட்டினேன். அவர் சுவரில் மாட்டியிருந்த வேலை அட்டவணையை இறக்கி, அடுத்த இரண்டு நாட்களுக்கு நேரே என் பெயரை அடித்துவிட்டு, தந்தை இறப்பு, இரண்டு நாள் விடுப்பு என்று எழுதினார். பிந்திப் போச்சே என்றேன். “இது என் பேக்கரி, என் அட்டவணை. வீட்டுக்குப் போ” என்றார்.

வீட்டுக்குப் போய் அப்பாவின் படத்தைச் சுவரில் மாட்டி விளக்கேற்றினேன். தமிழ்க்கடை அண்ணைக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். மாலைக்குள் ஆறேழு பேர் வந்துவிட்டார்கள். வந்தவர்களில் ஒரு பெண் சோறும் மரக்கறியும் சமைத்துக் கொண்டுவந்திருந்தார். “இதைப் போய் ஒளிக்கிறதே, தம்பி? நாங்கள் என்னத்துக்கு இருக்கிறம்?” என்று அண்ணை ஏசினார். அந்த ஏச்சை எவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருக்கலாம் போல இருந்தது. அவர்கள் போன பிறகு உடுப்பைக்கூட மாற்றாமல் படுத்துத் தூங்கிவிட்டேன். பேக்கரிக்கு எழும்புகிற நேரத்துக்கு உடம்பு பழக்கத்தில் விழித்துக்கொண்டது. காலைத் தரையில் வைத்த பிறகுதான், இன்றைக்கும் நாளைக்கும் போகத் தேவையில்லை என்பது ஞாபகம் வந்தது. காலை உள்ளே இழுத்துப் போர்த்துக்கொண்டு, மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.